எடுக்காமல் விட்ட சளி

யாருடைய நெஞ்சிலாவது கொரகொரவென்று சத்தம் கேட்டால் என் இடது கைக் கட்டைவிரல் தானாக அசைகிறது. பாகூர் வழியாகக் கரையாம்புத்தூர் வரும் பேருந்தில் பின் இருக்கையில் ஒரு பெரியவர் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே கரும்புச் சோகை எரியும் வாசனை வரும், நடத்துநர் பாக்கிச் சில்லறைக்கு யாரிடமாவது சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். என் காது மட்டும் அந்தப் பெரியவரின் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிப்போய், சளி மேலே நிற்கிறதா அடியில் நிற்கிறதா என்று அளந்துகொண்டிருக்கும். சக்ஷன் போட, அதாவது மூச்சுக்குழாயில் தேங்கும் சளியை உறிஞ்சி எடுக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கட்டைவிரலின் கதை தெரியும். வலது கைதான் உறிஞ்சும் குழாயான கதீட்டரைப் பிடிக்கும். கிருமி நீக்கிய கையுறை அதற்குத்தான். இடது கை அசுத்தக் கை என்று கணக்கு. ஆனால் உறிஞ்சலாமா வேண்டாமா என்பது அந்த அசுத்தக் கையின் கட்டைவிரலில் இருக்கிறது. கதீட்டரின் அடியிலுள்ள சிறு துளையை விரல் மூடினால் இழுப்பு வரும், எடுத்தால் நின்றுவிடும். உள்ளே போகும்போது திறந்து வை, வெளியே வரும்போது மூடு. இவ்வளவுதான் அந்த விரலுக்கு வேலை. ஐ.சி.யு. செவிலியருக்கு இதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே எனக்கு நரைத்துவிட்டது. சில காலமாக, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல் அசைவது எனக்குப் பிடிக்கவில்லை. அது யாருக்காவது உதவத்தான் அசைகிறதா, இல்லை எதையாவது செய்யாமல் இருக்க முடியாததால் அசைகிறதா என்ற சந்தேகம் வந்துவிட்டது.

மூச்சுக்குழாயில் டியூப் போட்ட ஒருவரால் நம்மைப்போல் இரும முடியாது. இருமல் என்பது தொண்டைக் கதவை இறுக மூடி, உள்ளே காற்றை அழுத்தி, சட்டென்று திறந்துவிடுவது. டியூப் அந்தக் கதவின் நடுவே கிடப்பதால் கதவு மூடாது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்களும் டியூப் இருக்கும் இடத்தில் ஓய்ந்துபோகின்றன. அதனால் சளியை நாம் எடுத்தாக வேண்டும், இதில் விவாதமில்லை. ஆனால் கதீட்டர் போய்ச் சேருகிற தூரம் மிகக் குறைவு. டியூப், அதற்குக் கீழே கொஞ்சம் மூச்சுக்குழாய், ரொம்பத் தள்ளினால் வலது பக்கப் பெரிய கிளை. வலது கிளை நேராக இறங்குவதால் கதீட்டர் அங்கேதான் போகும். இடது நுரையீரலின் அடியில் தேங்கிய சளிக்கு நம் குழாயோடு சம்பந்தமே இல்லை. அந்தச் சிறு தூரத்துக்காக நோயாளி கொடுக்கும் விலையும் சிறியதில்லை. சளியோடு காற்றும் ஆக்சிஜனும் வெளியே போகின்றன. விரிந்திருந்த காற்றறைகள் சுருங்குகின்றன. மூச்சுக்குழாய் பிரியும் முனையைக் கதீட்டர் தொட்டால் வேகஸ் நரம்பு சீண்டப்பட்டு இதயத் துடிப்பு சட்டென்று இறங்கலாம். தலையில் அடிபட்டவருக்கு மண்டைக்குள் அழுத்தம் ஏறலாம். வறண்ட போர்வெல்லில் மோட்டார் ஓடினால் மோட்டார் கெடும், வறண்ட மூச்சுக்குழாயில் உறிஞ்சினால் கெடுவது சுவர். இளஞ்சிவப்பாக ஒரு கோடு குழாயில் ஏறி வரும்போது மாணவிகள், "ரத்தம் கலந்த சளி மேடம்" என்பார்கள். அது பல நேரம் சளியே கிடையாது. நாம் கீறிய இடம்.

அதனால்தான் அளவுகள். ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் கூடாது. முன்னால் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை முழு ஆக்சிஜன். கதீட்டர் டியூபின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது. 8 மில்லிமீட்டர் டியூபுக்கு 12 ஃபிரெஞ்ச், வெள்ளைத் தலை. 14 என்றால் பச்சை, 10 என்றால் கறுப்பு. எண் மறந்தாலும் நிறம் மறக்காது. மூன்று ஃபிரெஞ்ச் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் அறுவைக் கருவிகள் செய்த ஷாரியேர் என்பவர் ஏற்படுத்திய அளவு இது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனவற்றில் ஐ.சி.யு. ட்ராலியில் கிடப்பது இது ஒன்றுதான் என்று வகுப்பில் சொல்வேன், சிரிப்பார்கள். அப்புறம் சுவரில் இருக்கும் அழுத்த மீட்டர். எங்கள் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் 80 முதல் 120 மில்லிமீட்டர் பாதரசம் என்று இருக்கும். அமெரிக்க சுவாசப் பராமரிப்புச் சங்கம் 2010இல் பெரியவர்களுக்கு 150க்குள் என்றது, 2022இல் 200க்குள் என்று தளர்த்தியது, குழந்தைகளுக்கு 120. ரப்பர் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தால்தான் உண்மையான அழுத்தம் தெரியும். அப்படி மடித்துப் பார்ப்பவர்கள் குறைவு. "ஃபுல்லா வெச்சாத்தான் மேடம் வரும்" என்பதுதான் வார்டின் பழமொழி. திருகை முழுதாகத் திருப்பி வைப்பது பழைய ஷிஃப்ட் புது ஷிஃப்டுக்குக் கொடுக்கிற சீதனம்.

ஆனால் அளவுகள் எனக்கு உறுத்தலில்லை. அவற்றைச் சொல்லிக்கொடுக்கலாம், கேட்டால் ஒப்பிப்பார்கள், மறந்தால் சுவரில் ஒட்டலாம். உறுத்துவது அந்தச் சங்கத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் ஒரு சாதாரண வாக்கியம்: சளி இருந்தால் எடு, வழக்கத்துக்காக எடுக்காதே. 2022இல் இன்னும் விவரமாக வந்தது. நெஞ்சில் சத்தம், டியூபில் கண்ணுக்குத் தெரியும் சளி, வென்டிலேட்டர் திரையில் கோடு ரம்பப் பல்லாக நடுங்குவது, பச்சிளங்குழந்தைகளென்றால் காற்றுப்பாதையின் தடை திடீரென்று ஏறுவது, இவைதான் அறிகுறிகள். இவை இல்லையென்றால் விட்டுவிடலாம். நானும் என் தலைமுறையும் படித்தது வேறு. இரண்டு மணிக்கொரு முறை சக்ஷன், ஒட்டிய சளி இளக 5 மில்லி சலைனை டியூபில் விட்டு உறிஞ்சு. சலைன் சளியை இளக்குவதில்லை; வழக்கமாக விடவேண்டாம் என்று 2010, 2022 வழிகாட்டுதல்கள் இரண்டும் சொல்லிவிட்டன. இருந்தும் ட்ராலியில் சிரிஞ்சில் சலைன் ஏற்றி வைத்திருப்பார்கள். ஐ.சி.யு. சார்ட்டில் கட்டம் போட்டிருக்கிறது: 6, 8, 10, 12. ஒவ்வொன்றிலும் டிக், அளவு, நிறம், கெட்டியா நீர்த்ததா. ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "சளி இல்லைன்னா அந்தக் கட்டத்துல என்ன மேடம் எழுதறது?" வகுப்பு முழுவதும் அமைதியாகிவிட்டது. அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. காலையில் ரவுண்ட்ஸ் வருகிறவர் காலிக் கட்டத்தைப் பார்த்து, "நைட் ட்யூட்டி தூங்கிட்டாங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்க வேண்டும். காதால் கேட்டுப் பார்த்து, தேவையில்லை என்று முடிவெடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்கு அந்தத் தாளில் இடமில்லை. செய்தவள் வேலை செய்தவள், செய்யாதவள் தூங்கியவள்.

எம்.எஸ்ஸி. நர்சிங் ஆய்வேடுகளில் இந்தத் தலைப்பு வற்றாத ஊற்று. ஐ.சி.யு. செவிலியரிடையே பாதுகாப்பான சக்ஷன் குறித்த அறிவில், செய்முறையில், கட்டமைக்கப்பட்ட கற்பித்தலின் விளைவு. முன்தேர்வு, ஒரு வாரத்தில் பின்தேர்வு. முன்தேர்வில் பாதிப் பேர் தேற மாட்டார்கள், பின்தேர்வில் எல்லோரும் எகிறிவிடுவார்கள். புள்ளியியல் அட்டவணை நட்சத்திரக் குறியோடு ஜொலிக்கும். அப்படிச் சில ஆய்வேடுகளுக்கு நானும் வழிகாட்டியாகக் கையெழுத்திட்டிருக்கிறேன். அவை பொய் என்று சொல்ல மாட்டேன். மதிப்பெண் நிஜமாகவே ஏறுகிறது. ஏறிய மதிப்பெண் அடுத்த மாதம் இரவு மூன்று மணிக்கு எங்கே போகிறது என்பதுதான் தெரிவதில்லை. அயர்லாந்தில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில் தேர்வு வைக்காமல் படுக்கையருகே நின்று செவிலியர் சக்ஷன் போடுவதைப் பார்த்தார்கள். பரிந்துரைகளுக்கும் கைகளுக்கும் இடையில் நல்ல தூரம் இருந்தது. அங்கே ஆட்பற்றாக்குறையை நம் அளவுக்குச் சொல்ல முடியாது. ஆகவே இது படிப்பறிவுக் குறைவு, வசதிக் குறைவு என்று மட்டும் முடித்துவிட முடிவதில்லை. கேள்வித்தாளில் 'எவ்வளவு நேரம்' என்று கேட்கலாம், 'எவ்வளவு அழுத்தம்' என்று கேட்கலாம். 'நேற்று எத்தனை முறை எடுக்காமல் விட்டாய்' என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை. கேட்டாலும் சரியான விடை எது?

செய்முறைக் கூடத்து மேனிக்கின் பொம்மையும் இதில் உதவாது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய பாடத்திட்டத்தில் சிமுலேஷனுக்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறது, வரவேற்கிறேன். உயிருள்ளவர் மேல் முதல் தடவை கை வைப்பதைவிட ரப்பர் தொண்டை ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மேனிக்கினுக்கு எப்போதும் சளி உண்டு. ஷாம்புவையும் தண்ணீரையும் கலந்து நாங்களே உள்ளே ஊற்றி வைப்போம், மாணவி வந்து எடுப்பாள், பாட்டிலில் விழும், மதிப்பெண் விழும். சளியே ஊற்றாமல் ஒரு மேனிக்கினை வைத்து, "இவருக்கு என்ன செய்வாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லோரும் கையுறை மாட்டினார்கள். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டவர்களும் மாட்டினார்கள். தேர்வுக்கு வந்துவிட்டு எதையும் செய்யாமல் திரும்பிப் போவது யாருக்கும் தோன்றவில்லை. என்னிடம் இருந்த செக்லிஸ்டிலும் அதற்கு மதிப்பெண் இல்லை.

செவிலியப் பயிற்சியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற ஒன்று உண்டு: கதீட்டர் உள்ளே போகும்போது நீயும் மூச்சைப் பிடித்துக்கொள், உனக்கு முட்டும்போது அவருக்கு முட்டிவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஆசிரியை இதைச் சொல்லும்போது தன் மூச்சைப் பிடித்தே காட்டுவார். அழகான விதி, ஆனால் தவறான அளவுகோல். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் நுரையீரல் அரை நிமிடம் தாராளமாகத் தாங்கும். நுரையீரல் முழுதும் நீர் கோர்த்துப் படுத்திருப்பவருக்கு ஐந்தாவது விநாடியிலேயே ஆக்சிஜன் சாச்சுரேஷன் சரியத் தொடங்கும். அவள் தன் மூச்சை எண்ணினால் தாமதமாகத்தான் நிறுத்துவாள், மானிட்டரைப் பார்ப்பதுதான் சரி. தெரிந்தும் அந்த விதியை வகுப்பிலிருந்து எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. மூச்சைப் பிடித்த பெண்ணின் தோள் இறுகுகிறது, பக்கத்தில் இருப்பவளிடம் பேச முடியாமல் போகிறது, 'சீக்கிரம் வெளியே வா' என்று அவள் உடம்பே அவளிடம் சொல்கிறது. ஐ.சி.யு.வில் சக்ஷன் போட்டுக்கொண்டே லீவு லெட்டர் பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு, அந்தப் பதினைந்து விநாடி மௌனமாவது மிஞ்சட்டும் என்ற ஆசை புரியும்.

1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பிளெக்தாம் மருத்துவமனையில் பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டு, டியூப் வைத்து, சளியை உறிஞ்சி, பையை அழுத்தி மூச்சு கொடுக்கலாம் என்று காட்டினார். சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் மாறி மாறி உட்கார்ந்து கையால் பை அழுத்தினார்கள். ஐ.சி.யு.வின் தொடக்கம் என்று இதைத்தான் பாடம் சொல்கிறது. நான் யோசிப்பது அந்த மாணவர்களின் உள்ளங்கையை. சளி அடைத்தால் பை கடினமாகியிருக்கும், எடுத்த பிறகு இளகியிருக்கும். எப்போது எடுப்பது என்று கேட்கத் தேவையே இருந்திருக்காது, கை சொல்லியிருக்கும். வென்டிலேட்டர் வந்த பிறகு அந்தச் சேதி திரையில் கோடாகப் போய்விட்டது. அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். ஆனாலும் ஒரு செவிலிக்கு மூன்று வென்டிலேட்டர் என்றால் கோட்டைப் பார்க்க நின்றால்தானே? வென்டிலேட்டர் நோயாளிக்கு ஆளுக்கு ஒரு செவிலி என்று கவுன்சில் விதி எழுதியிருக்கிறது. விதியைப் படித்துவிட்டு வார்டுக்குள் போனால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

பாகூர் சுற்று வட்டாரம் புதுச்சேரியின் நெல் களஞ்சியம் என்று பேர். எங்கள் ஊரிலும் நெல், கரும்பு. நெல்லும் கரும்பும் இருக்கிற இடத்தில் பூச்சிமருந்தும் இருக்கும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வென்டிலேட்டருக்கு வழியில்லை. ஆகவே, மருந்து குடித்தவர்களைக் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் மருத்துவக் கல்லூரிகளுக்கோ கதிர்காமத்துக்கோ ஜிப்மருக்கோ ஏற்றிக்கொண்டு ஓடுவார்கள். ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்தில் உடம்பின் எல்லாச் சுரப்பிகளும் ஒன்றாகத் திறந்துகொள்ளும். வாய், கண், மூக்கு, நுரையீரல் எல்லாம் ஒழுகும். சுவாசக் குழாயிலிருந்து வெள்ளையாக நுரை வரும், பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை முகக்கவசத்தைத் தாண்டி ஏறும். அட்ரோபின் நெஞ்சைக் காய வைக்கும்வரை சக்ஷன்தான் அவர் மூச்சு. இங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னால் அது கொலை. நான் சொல்லும் பொறுமை எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்தாது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் இந்தப் படுக்கையருகில்தான் நினைவு வரும். ஆனால் இரண்டு மூன்று நாள் கழித்து, நுரை வற்றி, அவர் கண் விழித்த பிறகு வேறொன்று நடக்கும். கழுத்தைத் தூக்க முடியாது, மூச்சுத் தசைகள் தளர்ந்துவிடும். இலங்கையில் பேராதனையைச் சேர்ந்த சேனநாயக்கவும் கரலியத்தவும் 1987இல் எழுதிக்காட்டிய நிலை இது. அறிவு தெளிவாக இருக்கும், டியூபும் இருக்கும். கட்டுவிரியன் கடித்தவர்களும் அப்படித்தான். இமையைக்கூடத் தூக்க முடியாமல் கிடப்பார், காதில் விழுவதெல்லாம் புரிந்துகொண்டிருப்பார். இவர்களுக்குக் கதீட்டர் உள்ளே போவது முழுக்கத் தெரியும்.

2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் மருத்துவமனைச் செயல்முறைகளில் எது எவ்வளவு வலித்தது என்று கேட்டார்கள். பெரியவர்களுக்கு அதிகம் வலித்தது படுக்கையில் திருப்பிப் போடுவது, சக்ஷன்கூட அதற்குப் பின்னால்தான். படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, உடனே அந்த நிம்மதி மேலேயே சந்தேகமும் வந்தது. வலி ஒன்று, மூச்சு முட்டுவது இன்னொன்று. டியூப் எடுத்த பிறகு பேசுகிறவர்கள் வலித்தது என்று சொல்வது அபூர்வம். "உயிர் அந்தக் குழாய்லயே போயிடும்போல இருந்துச்சு சிஸ்டர்" என்பார்கள். அப்புறம் ஒன்று சொல்லியாக வேண்டும், இதை வகுப்பில் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. 'மருந்து குடிச்ச கேஸ்' என்று ஒரு படுக்கைக்குப் பேர் விழுந்துவிட்டால், அந்தப் படுக்கையில் கை கொஞ்சம் கனமாகிவிடுகிறது. "குடிக்கும்போது தெரியலையா, இப்ப தலைய ஆட்டற?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு தடவை உள்ளே விடுவதைப் பார்த்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மருந்து குடித்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் தண்டிக்காது, சரி. பதினாறாவது விநாடியை எந்தச் சட்டத்தில் எழுதுவது? அப்படிக் கேட்டவள் கெட்டவளும் இல்லை. அதே பெண் அன்று மாலை தன் சாப்பாட்டில் பாதியை அவர் மனைவிக்குக் கொடுத்தாள். செக்லிஸ்டில் அவள் எல்லாம் சரியாகச் செய்திருந்தாள்: கையுறை, அழுத்தம், ஆக்சிஜன். 'நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்லவும்' என்ற வரிக்கு எதிரிலும் டிக் இருந்தது. ஒரு வகையில் சொல்லத்தானே செய்தாள்.

கோவிட் காலத்தில் மூடிய சக்ஷன் எங்கள் பக்கம் பரவலாக வந்தது. டியூபோடு நிரந்தரமாக இணைந்த கதீட்டர், பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே போய்வரும். வென்டிலேட்டரைக் கழற்ற வேண்டாம், சளித்துளி காற்றில் தெறிக்காது, ஆக்சிஜனும் குறைவாகத்தான் இறங்கும். கதிர்காமம் மருத்துவக் கல்லூரியைக் கோவிட் மருத்துவமனையாக மாற்றிய நாள்களில், பொது வார்டில் மட்டும் வேலை பார்த்த பெண்கள் பல இடங்களில் ஐ.சி.யு.வுக்கு வந்தார்கள். வியர்வையில் ஊறிய கவச உடைக்குள் இருந்துகொண்டு, வாட்ஸாப்பில் வந்த வீடியோவைப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கருவியைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. எத்தனையோ பேரை அது காப்பாற்றியது, செவிலியரையும் சேர்த்து. ஆனால் திறந்த சக்ஷனில் கையுறை பிரிக்கணும், பாக்கெட் கிழிக்கணும், துணைக்கு இன்னொரு ஆளைக் கூப்பிடணும். அந்தச் சிரமமே ஒரு நிமிடம் யோசிக்க வைத்தது. இப்போது ஒரு பொத்தான், ஒரு தள்ளு. போகிறபோக்கில் செய்துவிடலாம். செய்கிறார்கள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில், கடலூர் சாலை விபத்தில் தலையில் அடிபட்டுத் தொண்டைத் துளையோடு திரும்பி வந்த ஒருவர் இருந்தார். அவர் மனைவிக்கு எழுதப் படிக்க வராது. டிஸ்சார்ஜ் ஆகும்போது யாரோ ஒரு சிஸ்டர் இரண்டு முறை செய்துகாட்டியிருக்கிறார், அவ்வளவுதான் பயிற்சி. கட்டிலுக்குப் பக்கத்தில் வாடகை சக்ஷன் மெஷின், எவர்சில்வர் டம்ளரில் கொதித்து ஆறிய தண்ணீர். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்தபோது மின்சாரம் போய்விட்டது. காலால் மிதிக்கும் பம்ப் ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு போனேன். மிதிப்பது கஷ்டம், அதனால் அவள் காத்திருந்தாள். தாழ்வாரத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே காது மட்டும் உள்ளே. "இப்ப வேணாங்க்கா, சும்மா கொழகொழங்குது. கர்ருன்னு வரும் பாருங்க, அப்ப எடுத்துக்கலாம்." ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. இதை எழுதும்போதே ஒரு எச்சரிக்கை எனக்குள் எழுகிறது. படிக்காதவளின் ஞானம் என்று இதைத் தூக்கிவைத்துப் பேசுவது சுலபம், நமக்குப் பிடித்தமான கதையும் அதுதான். அவள் ஒரே கதீட்டரை நாலு நாள் கழுவிக் கழுவிப் பயன்படுத்தினாள், காசில்லை. குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சீழ் கட்டியது. அவளிடம் இருந்தது ஞானம் என்பதைவிட ஒரே ஒரு நோயாளி என்பதுதான் சரியாக இருக்கும். நாள் முழுக்க ஒரு மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தச் செவிலிக்கும் அது வந்துவிடும்.

போன வருடம் எங்கள் பயிற்சிக்கான செக்லிஸ்டில் ஒரு கட்டத்தைச் சேர்த்தேன்: 'பரிசோதித்தேன், சக்ஷன் தேவையில்லை, காரணம்.' சில வார்டுகள் அதை சார்ட்டிலும் ஏற்றுக்கொண்டன. முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் தெளிவு', 'கோடு சீராக உள்ளது', 'இப்போதுதான் தூங்கினார், இருமல் இல்லை' என்று விதவிதமான கையெழுத்தில் வந்தது. பிறகு ஒரு மாலை பழைய சார்ட்டுகளைப் புரட்டியபோது, இரண்டு மணிக்கொரு முறை ஒரே வாசகம் வரிசையாக இறங்கியிருப்பதைப் பார்த்தேன். 'மூச்சுச் சத்தம் தெளிவு.' நிமோனியா நோயாளியின் சார்ட்டிலும் அதேதான். அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன், எடுத்தால் பழைய டிக் திரும்பிவிடும் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன். இப்போது வேறொன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஷிஃப்ட் மாறும்போது போகிறவளும் வருகிறவளும் ஒரே படுக்கையருகே நின்று, இருவரும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, என்ன கேட்டது என்று ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். ஒரு படுக்கைக்கு நாலு நிமிடம் ஆகும். இன்சார்ஜ் சிஸ்டர் என்னைவிடப் பல வருடம் ஐ.சி.யு. பார்த்தவர், நான் சொல்வதை மறுக்கவில்லை. "நல்ல யோசனைதான் மேடம். எட்டு வென்டிலேட்டருக்கு நைட்ல மூணு பேர் வெச்சிருக்கேன். நாலு எட்டு முப்பத்திரண்டு நிமிஷம். அதுக்கு எனக்கு ஒரு ஆள் வாங்கிக் கொடுங்க" என்றார். அந்த ஒரு ஆளைக் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறேன்.